தனியார் விசாரணைத் தொழில்: எங்களிடம் வருபவர்களும் நாங்கள் திருப்பி அனுப்ப வேண்டியவர்களும்

2013ஆம் ஆண்டு யாழ்ப்பாண நகரில் போட்டோக்கொப்பிக் கடை ஒன்றின் மேல்மாடியில் அறையொன்றை வாடகைக்கு எடுத்து, தனியார் விசாரணைத் தொழிலைத் தொடங்கினேன். அதற்கு முன்னர் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். வழக்குக்கு வேண்டிய உறுதிகளைத் தேடி எடுப்பதும், அழைப்பாணை கொடுக்கப்பட வேண்டியவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்து அறிவதும்தான் அங்கு என் வேலை. இதையே தனியாகச் செய்தால் என்ன என்று நினைத்தேன்.

முதல் இரண்டு மாதமும் படியேறி ஒருவரும் வரவில்லை. வாடகை கொடுக்கவே கஷ்டப்பட்டேன். அப்போது உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் சிறுவிளம்பரம் போட்டேன். அதில் குறிப்பிட்ட ஐந்து வேலைகளில் ஒன்று, “காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுப்போம்” என்பது. கடனை வாங்கிவிட்டு ஊரை விட்டுப் போனவர்கள், வீட்டோடு கோபித்துக்கொண்டு கொழும்புக்கு ஓடிய பொடியன்கள், இவர்களை நினைத்துத்தான் அப்படி எழுதினேன். அந்த ஒரு வாரத்தில் 41 அழைப்புகள் வந்தன. நான்கைத் தவிர மற்ற எல்லாம் 2009 மே மாதத்தைப் பற்றியவை, அல்லது 1996இல் யாழ்ப்பாணத்தில் பிடிக்கப்பட்டவர்களைப் பற்றியவை. மட்டக்களப்பிலிருந்து பேசிய ஒருவர் 1990ஐப் பற்றிக் கேட்டார்.

எங்கள் மண்ணில் அந்தச் சொல் யாரைக் குறிக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. என் சின்னம்மாவின் மகனும் அந்தப் பட்டியலில் இருப்பவன்தான். தெரிந்திருந்தும் எழுதினேன். அழைப்புகள் வந்தபோது நிறுத்தவும் இல்லை. கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா நேரே வந்தார். தோட்டை அடகு வைத்து 25,000 ரூபா கொண்டு வந்திருந்தார். “காசைப் பற்றி யோசிக்காதை தம்பி. உயிரோட இருக்கிறானோ எண்டு மட்டும் பார்த்துச் சொல்லு” என்றார். வாங்கிவிட்டேன். மூன்று கிழமை பஸ்ஸில் அலைந்தேன். அவர் ஏற்கனவே போயிருந்த அலுவலகங்களுக்குத்தான் நானும் போனேன், அவருக்குச் சொல்லப்பட்டதையே எனக்கும் சொன்னார்கள். அந்தக் காசில் பாதி அதற்குள் வாடகைக்குப் போய்விட்டது. மச்சானிடம் கடன் வாங்கி முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது முகப்புத்தகத்திலும் வட்ஸ்அப் குழுக்களிலும் அதே மாதிரியான விளம்பரங்களைக் காண்கிறேன். இந்தத் தொழிலுக்கு ஆட்கள் எப்படி வருகிறார்கள், எப்படி வரவழைக்கப்படுகிறார்கள் என்பதை உள்ளே இருப்பவன் என்ற முறையில் சொல்ல நினைக்கிறேன். காசு கொடுக்க முன் யோசிப்பவர்களுக்கும், இத்தொழிலில் இறங்க நினைக்கும் இளையவர்களுக்கும் இது உதவக்கூடும்.

பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது?

1833இல் பாரிசில் வீடொக் என்பவர் தொடங்கிய தகவல் அலுவலகம் இத்தொழிலின் மிகப் பழைய நிறுவனங்களில் ஒன்று. கடனுக்குச் சரக்கு வாங்கி ஏமாற்றுபவர்களைப் பற்றி வியாபாரிகளுக்குத் தகவல் கொடுப்பது அதன் முக்கிய வேலை. பின்னர் அமெரிக்காவில் பிங்கர்டன் நிறுவனம் திறந்த கண் ஒன்றின் படத்தையும் “நாங்கள் உறங்குவதில்லை” என்ற வாசகத்தையும் தன் அடையாளமாக வைத்துக்கொண்டது. அங்கே அது ஆட்களை ஈர்த்தது. வன்னியில் ஒரு கடையின் முன்னால் திறந்த கண்ணை வரைந்து, நாங்கள் உறங்குவதில்லை என்று எழுதினால் யார் உள்ளே வருவார்கள்?

‘புலனாய்வு’ என்பது எங்களிடையே வீட்டுக்கு வந்து யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதுபவர்களின் சொல். ‘விசாரணை’ என்றால் நாலாம் மாடி ஞாபகம் வரும். என் முதல் பலகையில் இரண்டு சொற்களும் பெரிய எழுத்தில் இருந்தன. கீழே கடைக்காரர்தான், “உதைப் பார்த்துச் சனம் என்ர கடைக்கும் வராது” என்று சொன்னார். இப்போது சிறிய பலகையில் “ஆவணத் தேடல், விபரம் அறிதல்” என்று மட்டும் இருக்கிறது. போட்டோக்கொப்பி எடுக்க வந்தவர் போல வந்து மேலே ஏறுபவர்கள்தான் அதிகம். சிறிய ஊரில் இப்படியான அலுவலகத்துக்குப் போவதை யாராவது பார்த்தாலே கதை ஆகிவிடும். அந்தக் கடை எனக்குச் செய்த உதவியை எந்த விளம்பரமும் செய்யவில்லை.

இந்தப் பயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒருவரின் வீட்டைத் தேடி நான் ஊருக்குள் போய் விசாரித்தால், தேடப்படுபவர் முன்னாள் போராளியாக இருந்தால், அவருக்கும் அயலவருக்கும் அது என்ன மாதிரித் தெரியும்? ஆகையால் எந்த ஊருக்குப் போனாலும் என் பெயரையும் வந்த காரணத்தையும் முதலில் சொல்லிவிடுவேன். கதை விட்டுக் கதை பிடுங்குவது பிற நாட்டுத் துப்பறிவாளர்களுக்குத் திறமையாக இருக்கலாம், இங்கே அது ஆட்களை நித்திரை இல்லாமல் ஆக்கும்.

உண்மையான வேலை எங்கிருந்து வருகிறது?

என் வேலையில் பெரும்பகுதி சட்டத்தரணிகள் வழியாகவே வருகிறது. சாட்சி ஒருவரின் புதிய முகவரி, காணி வழக்கில் ஐம்பது வருடப் பழைய உறுதி, ஜீவனாம்சக் கட்டளை கிடைத்தும் கணவன் எங்கே வேலை செய்கிறான் என்று தெரியாத பெண், இப்படியானவை. ஒரு சட்டத்தரணிக்குச் சொன்ன திகதியில், நீதிமன்றத்தில் காட்டக்கூடிய வடிவத்தில் அறிக்கை கொடுத்தால் அவர் அடுத்த வழக்குக்கும் அழைப்பார், பக்கத்து அறையில் இருப்பவருக்கும் சொல்வார். ஒருமுறை இரண்டு நாள் பிந்தினேன். அந்த அலுவலகத்திலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் அழைப்பே வரவில்லை.

அடுத்தது கலியாணப் பேச்சு. லண்டனிலும் ரொறொன்ரோவிலும் பரிசிலும் இருக்கும் மாப்பிள்ளைகளைப் பற்றி இங்கிருக்கும் பெண் வீட்டார் கேட்பார்கள். இங்கிருக்கும் பெண்ணைப் பற்றி அங்கிருந்து கேட்பார்கள். குறிப்புப் பொருந்திய பிறகு, காசு கைமாற முன்னர் என்னிடம் வருவார்கள். ஏற்கனவே எழுத்து நடந்திருக்கிறதா, விசா என்ன நிலையில் இருக்கிறது, சொல்லும் வேலை உண்மையா என்பவைதான் வழமையான கேள்விகள். இதில் பலவற்றை வீட்டிலிருந்தே அறியலாம் என்பதை வந்தவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன். இங்கிலாந்து, வேல்ஸில் பதிவான திருமணச் சான்றிதழின் பிரதியை யாரும் கட்டணம் செலுத்தி வாங்கலாம். ஒன்ராறியோவில் அப்படி எல்லோருக்கும் கொடுக்கமாட்டார்கள். விசா நிலையைச் சம்பந்தப்பட்டவரே கடிதத்தைக் காட்டினால்தான் உண்டு, அதை வெளியிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்பவர் ஒன்றில் பொய் சொல்கிறார், அல்லது குற்றம் செய்கிறார். “கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ. காட்டாட்டி அதுவே பதில்” என்று சொல்லி அனுப்பிய குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் காசு வாங்கவில்லை. அவர்கள் வழியாக வந்தவர்கள்தான் பின்னர் வாடகையைக் கட்ட உதவினார்கள்.

பெண் வீட்டைப் பற்றிய சில கேள்விகளுக்கு நான் பதில் தேடுவதில்லை. முகாமில் இருந்த காலத்தில் என்ன நடந்தது, இயக்கத்தில் இருந்தாளா, புனர்வாழ்வுக்குப் போனாளா என்று கேட்பார்கள். அதைப் பெண்ணிடமே கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன். இதனால் சில வாடிக்கையாளர்களை இழந்தேன்.

மூன்றாவது, காணி. இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள் காணியே போய்விட்டது போலப் பயந்து வருவார்கள். நொத்தாரிசு உறுதியை எழுதும்போது அதன் இணைப்பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், ஏறத்தாழ எந்த வருடம் என்பவற்றில் இரண்டாவது தெரிந்தால் தேடலாம். எதுவும் தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியில் எல்லையாக யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். ஒருமுறை நான்கு பரப்புக் காணி ஒன்றை இப்படித்தான், மேற்கு எல்லையில் இருந்த பாட்டியின் பெயரைப் பிடித்துக் கண்டெடுத்தேன். அரச காணி அனுமதிப்பத்திரம் என்றால் பதிவகத்தில் அல்ல, பிரதேச செயலகத்தில் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் காணிகள் அற்றோணித் தத்துவத்தை வைத்து விற்கப்படும் கதைகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கையெழுத்துப் போட்டவர் அந்தத் திகதியில் நாட்டிலேயே இல்லை என்பதைக் கடவுச்சீட்டிலுள்ள முத்திரைகளே காட்டிக்கொடுத்த சம்பவத்தை நான் கையாண்டிருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவையாவது தங்கள் காணியின் பதிவேட்டைப் பார்ப்பிக்க வேண்டும். அதற்கு என்னிடம் வரத்தான் வேண்டும் என்றில்லை, நம்பிக்கையான உறவினர் ஒருவர் கட்டணத்தைக் கட்டிப் பார்க்கலாம்.

முதல் சந்திப்பு

ஒருவர் வந்து இருந்ததும் நான் முதலில் கேட்பது, “ஏன் தேடுகிறீர்கள்?” என்பதை. சிலருக்கு அது பிடிக்காது. காசு தருகிறோம், ஆளைக் கண்டுபிடிப்பதுதானே உன் வேலை என்பார்கள். அடித்துத் துரத்தப்பட்ட மனைவியைத் தேடி வந்த கணவனும், பழைய பகையில் ஒருவரைத் தேடி வந்தவரும் என் முன்னால் இருந்திருக்கிறார்கள். இருவரும் முதலில் சொன்னது பாசக் கதைதான். அதன் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். வழக்குச் சம்பந்தமான தேடல் தவிர, ஒருவரைக் கண்டுபிடித்தால் முகவரியைக் கேட்டவரிடம் கொடுக்கமாட்டேன். கண்டுபிடிக்கப்பட்டவரிடம் செய்தியைச் சொல்வேன். அவர் சம்மதித்தால்தான் தொடர்பு. 1995 இடப்பெயர்வில் பிரிந்த சிநேகிதிகள் இருவரை இப்படிச் சேர்த்திருக்கிறேன். வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு, அதையும் அப்படியே போய்ச் சொல்லியிருக்கிறேன்.

எங்களுக்கு எந்த விசேட அதிகாரமும் இல்லை. சாதாரண குடிமகன் ஒருவர் செய்யக்கூடியதையே நாங்களும் செய்யலாம். தொலைபேசி உரையாடலை ஒட்டுக்கேட்பதும், இன்னொருவரின் மின்னஞ்சல் அல்லது முகப்புத்தகக் கணக்குக்குள் அனுமதியின்றி நுழைவதும், அரச உத்தியோகத்தர் போல நடிப்பதும் சட்டப்படி குற்றங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்கென்றே இருக்கிறது. “உங்கட மனுசன்ர வட்ஸ்அப்பைத் திறந்து காட்டுவம்” என்று விளம்பரம் செய்பவரிடம் போகிறவர், தன் குடும்ப இரகசியத்தை ஒரு குற்றவாளியின் கையில் கொடுக்கிறார். பிறகு அதை வைத்தே அவரிடம் காசு பறிக்கலாம்.

வேலையை ஏற்றால் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைப்போம். என்ன தேடப்படுகிறது, எத்தனை நாள், முற்பணம் எவ்வளவு, பிரயாணச் செலவு யாருடையது, எதுவும் கிடைக்காவிட்டால் என்ன என்பது எல்லாம் அதில் இருக்கும். நிச்சயம் கண்டுபிடிப்பேன் என்ற வார்த்தையை அதில் எழுதமாட்டேன். காசுக்குப் பற்றுச்சீட்டுக் கொடுப்பேன். வியாபாரப் பெயர்ப் பதிவின் பிரதி சுவரில் தொங்குகிறது. நீங்கள் போகும் இடத்தில் இந்த மூன்றும் இல்லாவிட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

அந்த 37 பேர்

இனி அந்த விளம்பரத்தைப் பார்த்து அழைத்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தொழிலில் வரவழைப்பதற்கு மிக இலகுவானவர் பிள்ளையைத் தேடும் தாய். எதையும் நிரூபிக்கத் தேவையில்லை, ஒரு நம்பிக்கையைக் கொடுத்தால் போதும். அதனால்தான் ஏமாற்றுக்காரர்கள் அங்கே போகிறார்கள். என் சின்னம்மாவிடமும் ஒருவர் வந்தார். போராட்டப் பந்தலில் தொங்கிய படத்திலிருந்து மகனின் பெயரையும் பிறந்த திகதியையும் எடுத்திருக்கிறார் என்பது பின்னர்தான் விளங்கியது. அப்போது சின்னம்மாவுக்கு அது அதிசயமாகப் பட்டது. “ஆள் தெற்கில ஒரு முகாமில இருக்கிறார். வெளியில கதைச்சால் அவருக்குத்தான் ஆபத்து” என்று சொன்னார். அந்த ஒரு வசனம் சின்னம்மாவின் வாயை எட்டு மாதம் கட்டிப்போட்டது. எங்களுக்குத் தெரிய வந்தபோது இரண்டு சங்கிலிகளும் போய்விட்டன.

ஆட்கள் மாறினாலும் இவர்களின் வழி பெரும்பாலும் ஒன்றுதான். தாங்களாகவே தேடி வருவார்கள். உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த விபரங்களையே உங்களுக்குச் சொல்வார்கள். இராணுவத்தில் தெரிந்தவர் இருக்கிறார் என்பார்கள். முதலில் சிறிய தொகை, பிறகு தொலைபேசியில் குரல் கேட்க ஒரு தொகை, பிறகு வெளியே எடுக்க ஒரு தொகை. இப்போது படமும் அனுப்புகிறார்கள். அண்மையில் ஒருவர் என்னிடம் கொண்டு வந்து காட்டிய படத்தில், பாடசாலை அடையாள அட்டையிலிருந்த அதே முகத்துக்குக் கணினியில் தாடி மட்டும் வைத்திருந்தார்கள். தலை சரிந்திருந்த கோணம்கூட மாறவில்லை. 2025இல் செம்மணியில் மனிதப் புதைகுழி தோண்டப்பட்ட நாட்களில் என் தொலைபேசிக்கும் அழைப்புகள் கூடின. நான் தேடுவதாகச் சொல்லியிருந்தால் காசு வந்திருக்கும்.

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணாமல்போனோர் பற்றிய அலுவலகம் உருவாக்கப்பட்டது. தடுத்து வைக்கும் எந்த இடத்துக்குள்ளும் பிடியாணையின்றி நுழையும் அதிகாரத்தை அந்தச் சட்டம் அதன் உத்தியோகத்தர்களுக்குக் கொடுக்கிறது. அவ்வளவு அதிகாரம் உள்ள அலுவலகத்திடம் முறையிட்ட தாய்மாரில் பெரும்பாலானவர்கள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய போராட்டம் அதற்குச் சாட்சி. ஒரு மேல்மாடி அறையும் ஒரு மோட்டார் சைக்கிளும் உள்ள நான் கண்டுபிடிப்பேன் என்று சொன்னால், அது பொய் தவிர வேறென்ன?

ஆனாலும் வருபவர்களை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. நான் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, அது கோவை சேர்ப்பது. பல குடும்பங்கள் பொலிஸ், மனித உரிமைகள் ஆணைக்குழு, செஞ்சிலுவைச் சங்கம், ஒன்றன் பின் ஒன்றாக வந்த ஆணைக்குழுக்கள் என எல்லா இடத்திலும் முறையிட்டிருக்கின்றன. துண்டுகள் ஒரு சொப்பிங் பைக்குள் மடிந்து கிடக்கும். ஒரு கடிதத்தில் பெயர் ஒரு மாதிரியும் மற்றதில் வேறு மாதிரியும் இருக்கும். கடைசியாகக் கண்ட இடம் ஒன்றில் வட்டுவாகல் என்றும் இன்னொன்றில் ஓமந்தை என்றும் எழுதப்பட்டிருக்கும். அவற்றைத் திகதி வரிசையில் அடுக்கி, முறைப்பாட்டு இலக்கங்களை ஒரு தாளில் எழுதி, கண்ட சாட்சிகள் உயிருடன் இருக்கும்போதே அவர்கள் சொல்வதைச் சமாதான நீதவான் முன் சத்தியக் கூற்றாக எடுத்துவைக்கச் சொல்வேன். சாட்சிகளுக்கும் வயது போகிறது, இது அவசரமான வேலை.

முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது என்று அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், பின்னர் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். வங்கிக் கணக்கு, காணி, பிள்ளைகளின் பாதுகாவல் போன்ற அலுவல்கள் தடைப்பட்டிருந்தால், இறந்துவிட்டார் என்று சொல்லாமல் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்று 2016இலிருந்து சட்டத்தில் இருக்கிறது. அதை எடுப்பதா விடுவதா என்பதைக் குடும்பம்தான் தீர்மானிக்க வேண்டும், நான் தூண்டுவதுமில்லை, தடுப்பதுமில்லை. முறையிடுவதற்கு மேற்சொன்ன எந்த அலுவலகத்திலும் காசு கேட்கமாட்டார்கள். இடையில் நின்று கேட்பவர் இருந்தால் அவர் அந்த அலுவலகத்தைச் சேர்ந்தவரல்ல.

கோவை சேர்ப்பதற்குப் போட்டோக்கொப்பிக் காசு மட்டும் வாங்குவேன், அதுவும் கீழே கடைக்காரருக்குப் போவது. இதனால் நட்டமா என்று இளைய ஒருவர் கேட்டார். நேரக் கணக்குப் பார்த்தால் நட்டம்தான். ஆனால், அந்தக் குடும்பங்களில் காணி அலுவல், கலியாண அலுவல் வரும்போது வேறு யாரிடமும் போவதில்லை.

தோட்டை அடகு வைத்துக் கொண்டுவந்த அந்த அம்மா இப்போதும் வருவார். சென்ற முறை வந்தபோது கோவையை முழுதாக மூன்று பிரதி எடுக்கச் சொன்னார். ஒன்று தனக்கு, ஒன்று பிரான்சில் இருக்கும் மகளுக்கு. மூன்றாவது யாருக்கு என்று கேட்டேன்.

“நீ வைச்சிரு தம்பி. எனக்கு ஏலாமல் போனால் ஆரும் வந்து கேட்பினம்” என்றார்.

அலுமாரியின் இரண்டாவது தட்டில் வைத்திருக்கிறேன்.